ஆறரை மணி வரிசை

செங்கல் சூளையோரத்து அங்கன்வாடியில் காலை பதினோரு மணிக்கு முகாம். மாலைக்கண் வராமல் தடுக்கும் வைட்டமின் மருந்து குடிக்க மூன்றே குழந்தைகள் வந்தார்கள்.

"தாய்மார்களுக்கு அக்கறை இல்லைன்னு எழுதும்மா!" என்று அதட்டினார் அதிகாரி.

"எழுதிடறேங்கய்யா. சாயங்காலம் ஆறரைக்கு ஒரு தரம் வந்துட்டுப் போங்க" என்றாள் அங்கன்வாடி ஆயா மாரிக்கண்ணு.

வந்தார். சூளை வேலை முடிந்து, கையில் மண் காயாமல், பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு நாற்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். மருந்துப் பெட்டியோ பூட்டிக் கிடந்தது. ஐந்து மணிக்குப் பூட்டச் சொன்னது அவர்தான்.

"யாருக்கு அக்கறை இல்லைன்னு எழுதட்டுங்கய்யா?"

அந்தி மங்கலில் நாலு வயசுச் சிறுமி ஒருத்தி அவருடைய வெள்ளைக் காரிலேயே முட்டிக்கொண்டாள்.

"இவளுக்கு மருந்து கொடுக்கலையா?" என்றார் அதிகாரி.

"போன முகாமும் பதினோரு மணிக்குத்தாங்கய்யா."