அம்பு ஒட்டிய யானை

“இந்த அச்சு ரிஜெக்டுங்க டீச்சர்” என்றாள் பாக்கியம்மாள்.

மேசை மேல் ஆறு யானை முகங்களை வரிசையாக வைத்தாள். ஆறும் ரெசினில் வார்த்தவை. பொன் நிறம், உள்ளங்கையில் அடங்கும் அளவு, இரண்டு பக்கமும் விரித்த காது. வாழ்த்து அட்டையின் நடுவில் ஒட்டினால் அம்சமாக இருக்கும்.

ஒவ்வொரு காதிலும் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

“எல்லாத்துலயும் ஒரே எடத்துல பள்ளமுங்க. இந்தக் காதுல ரெண்டு, அந்தக் காதுல ரெண்டு. நான் கலக்குனதுல தப்பில்ல. ஒரு குமிழிகூட இல்ல, பாருங்க. தப்பு அச்சுலதான்.”

சபூரா சிலிக்கோன் அச்சைக் கையில் வாங்கினாள். விரல் நுனியால் உள்ளே தடவிப் பார்த்தாள்.

“அப்ப இது ஆகாதுங்களாம்மா?”

“ஆகவே ஆகாதுங்க.”

சபூரா அச்சைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

பாக்கியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

குறை சொன்னால் எதிராளி மல்லுக்கு நிற்க வேண்டும். நின்றால்தான் அவளுக்குத் தெம்பு. முப்பது வருஷமாக அப்படித்தான். இப்படி ஒரு வார்த்தை பேசாமல் தூக்கிப் போட்டவர்கள் யாருமில்லை.

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். இந்தக் குருவுக்கு வயது இருபத்தேழு. திருப்பூரில் ஒரு ஸ்டேஷனரிக் கடையின் மாடியில், அட்டை செய்யவும் ரெசின் வார்க்கவும் சொல்லித் தருகிறாள். சிஷ்யைக்கு ஐம்பத்தெட்டு. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள்.

செக்கிங் என்றால் இதுதான். தைத்து வருகிற துணியை வெளிச்சத்தில் விரிக்க வேண்டும். குறை இருக்கும் இடத்தைக் காட்டி அம்பு ஒட்ட வேண்டும். அம்பு விழுந்த துணி திரும்பிப் போகும்.

வேலை போய்விட்டது. அம்பு போகவில்லை. இன்றும் கைப்பையில் ஒரு தாள் நிறைய வைத்திருக்கிறாள். கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பாரில் ஒட்ட முடியாமல் வாளியில் ஒட்டியவள் என்று சொந்தக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். சேர்ந்து படிக்கும் கலாமணியின் அட்டைகளிலும் அம்பு விழாத நாள் கிடையாது. பாக்கியம்மாள் பிடித்த முயலுக்கு எப்போதுமே மூன்று கால்தான்.

“வேற அச்சு எடுத்துக் குடுங்க டீச்சர். இந்தத் தடவ ஒரு பொட்டுக் குறை இருக்கக் கூடாதுங்க.”

“ஏன்?”

“மஞ்சரிக்குப் போறதுங்க.”

மஞ்சரி அவளுடைய ஒரே மகள். ஓசூரில் இருக்கிறாள். அம்மாவிடம் பேசி மூன்று வருஷமாகிறது. இப்போது அவளுக்கு ஏழு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. பாக்கியம்மாள் அந்தக் குழந்தையை இன்னும் பார்த்ததில்லை.

இந்த வகுப்பில் சேர்ந்ததே அதற்காகத்தான். இதுவரை நான்கு பரிசுகள் போயிருக்கின்றன. பெயர்ப் பலகை ஒன்று, போட்டோ சட்டம் ஒன்று, பூ வைத்த அட்டைகள் இரண்டு. எல்லாம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. வந்து சேர்ந்தது என்றுகூட ஒரு வார்த்தை வரவில்லை.

“எங்கயோ ஒரு குறை இருந்திருக்குதுங்க” என்றாள் பாக்கியம்மாள். “என்ற கண்ணுக்குத் தப்பீருச்சு. அவ கண்ணுக்குப் பட்டிருச்சு. அதான் பதிலில்ல.”

சபூரா கையுறையைக் கழற்றினாள்.

“மஞ்சரி அட்டை செய்வாங்களா?”

“சின்னப் புள்ளைல ஒண்ணு செஞ்சா. என்ற பொறந்த நாளுக்கு.”

“எப்படி இருந்துச்சு?”

“மூணு அம்புங்க.” பாக்கியம்மாள் பெருமையாகவே விரல் விட்டாள். “பசை வழிஞ்சதுக்கு ஒண்ணு. ஓரம் நேரா வெட்டாததுக்கு ஒண்ணு. காகிதப் பூ கோணலுக்கு ஒண்ணு.”

வெளி அறையில் அட்டை வெட்டிக்கொண்டிருந்த கலாமணியின் கத்தரி நின்றது.

“ஒட்டுனீங்களா?” என்றாள் சபூரா.

“ஒட்டித்தான் குடுத்தேன். சரி பண்ணீட்டு வான்னு.”

“பண்ணாங்களா?”

“இல்லீங்க.”

பாக்கியம்மாள் மேசை மேல் ஒரு யானையை நேராக நகர்த்தி வைத்தாள்.

“அப்பறம் அவ அட்டையே செய்யலீங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் அவள் காதிலேயே விழுந்தது போலிருந்தது. சட்டென்று பேச்சை மாற்றினாள்.

“அச்சு எடுக்க அசலு வேணுமில்லீங்களா? கொண்டாந்திருக்கேன்.”

கைப்பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தைப் பிரித்தாள். மரத்தில் செதுக்கிய யானை முகம். சாயம் பூசாத வெளிர் மரம். மஞ்சரியின் தொட்டிலில் தொங்கியது. பத்து நாளைக்கு முன் இதை வைத்துத்தான் சபூரா அந்த அச்சை எடுத்தாள்.

“உங்க அச்ச மட்டும் குத்தம் சொல்லக் கூடாதுங்க. அசலுலயே பள்ளம் இருந்திருக்குது. அதான் காலைல உப்புத்தாள் போட்டு எடது காதத் தேய்ச்சுட்டேன். பாருங்க, எப்படி மாவாட்டம் இருக்குது. சாயங்காலம் வலது காதையும் தேய்ச்சுட்டா ஆச்சு.”

சபூராவின் முகம் வெளுத்தது.

“தேய்ச்சுட்டீங்களா?”

“சுத்தமா.”

சபூரா கையை நீட்டினாள். யானையை வாங்கிக் குழாயடிக்குப் போனாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். சுத்தமான துண்டால் துடைத்தாள்.

“மரத்த எதுக்குங்க டீச்சர் கழுவறீங்க? ஊறிப் போயிருமுங்க!”

சபூரா காதில் வாங்காமல் வெளி அறைக்கு நடந்தாள். ரெசின் கலக்கும் அறைக்குள் குழந்தைகள் வரக் கூடாது என்பது அவள் சட்டம். அதனால் கலாமணியின் எட்டு மாதக் குழந்தை வெளி அறையில் பாயில் உட்கார்ந்திருந்தது.

சபூரா குனிந்து யானையைக் குழந்தையின் கையில் கொடுத்தாள்.

“ஐயோ டீச்சர்!” பாக்கியம்மாள் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். “அது மஞ்சரிதுங்க! இருக்கறதே அது ஒண்ணுதானுங்க!”

குழந்தை யானையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. தும்பிக்கையைப் பார்த்தது. கண்ணைப் பார்த்தது. பிறகு, வேறு எந்த இடமும் உலகத்தில் இல்லாதது போல, வலது காதை வாயில் வைத்துக் கடித்தது.

குழந்தைக்குக் கீழே இரண்டே பல். அரிசி அளவு.

அந்த இரண்டு பல்லும் காதோரத்து இரண்டு பள்ளத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்தன.

பாக்கியம்மாள் நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

சபூரா மெதுவாக யானையை வாங்கினாள். குழந்தை வீரிட்டது. ஒரு அட்டைச் சுருளைக் கொடுத்ததும் அதையும் கடிக்க ஆரம்பித்தது.

சபூரா யானையைத் திருப்பிப் பிடித்தாள். பள்ளங்களில் எச்சில் நிறைந்து மின்னியது.

பாக்கியம்மாள் பேயறைந்தவள் போல அதையே பார்த்தாள்.

“இது...”



“இது என்ற மக பல்லு.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவளுக்குப் பல்லு மொளச்சப்ப நான் பாக்கலீங்க” என்றாள் தரையைப் பார்த்து. “ஷிப்மெண்ட் நேரம். புள்ளைய கம்பெனிக் காப்பகத்துல விட்டுட்டு மேல மாடில துணி பாத்துட்டு இருந்தேன். ராத்திரி தூக்கப் போறப்ப, பல்லு வந்துருச்சுங்கக்கான்னு ஆயா சொல்லுச்சு. தூங்கீட்டு இருந்தா. வாயத் தொறந்து பாக்க மனசு வரல.”

கலாமணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாக்கியம்மாள் வாங்கவில்லை. அவள் கண் இப்போது யானையின் இன்னொரு காதில் இருந்தது. மாவு மாதிரி வழுவழுப்பான காது.



“நானே தேய்ச்சுட்டேனே! டீச்சர்... என்ற கையால தேய்ச்சுட்டேனே! இது திரும்பி வருமுங்களா?”

“மரத்துல வராதும்மா.”

“வேற எதுல வரும்?”

சபூரா ரெசின் அறைப் பக்கம் திரும்பினாள். குப்பைக் கூடையைப் பார்த்தாள்.

பாக்கியம்மாள் எழுந்த வேகத்தில் தண்ணீர் டம்ளர் உருண்டது. ரெசின் அறைக்குள் ஓடி, மேசை மேல் ஆறு யானை இருப்பதையும் மறந்து, கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பிசுபிசுத்த கையுறைகள், கலக்கிய குச்சிகள், சருகுத் தாள், மினுக்குப் பொடி. ஐம்பத்தெட்டு வயதுக்காரி மண்டியிட்டு அவ்வளவையும் கையால் துழாவினாள். ஒரு நூல் பிசிறுக்கு முழு லாட் துணியையே திருப்பி அனுப்பிய கை அது.

அச்சு அடியில் கிடந்தது.

அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். இடது காது. இரண்டு சின்ன மேடு. அச்சில் மேடாக இருப்பதுதான் வார்ப்பில் பள்ளமாகும்.

இருக்கிறது.

அச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மினாள். அவள் அழுது அந்த வகுப்பில் யாரும் பார்த்ததில்லை. கலாமணி பயந்தே போனாள்.

அன்றைக்கே ஒரு யானை வார்த்தாள். அவசரமாகக் கலக்கியதில் ஒரு குமிழி விழுந்தது. கூடைக்குள் கிடந்த மினுக்குப் பொடி ஒரு துணுக்கு நெற்றியில் ஒட்டி அப்படியே இறுகிவிட்டது. மறுநாள் அச்சிலிருந்து பிரித்தபோது இரண்டையும் பார்த்தாள். கை அம்புக்குப் போகவில்லை.

யானையை அட்டையில் ஒட்டினாள். பசை கொஞ்சம் வழிந்தது.

சபூரா எதிரில் வந்து உட்கார்ந்தாள். பாக்கியம்மாளின் கைப்பையிலிருந்து அம்புத் தாளை எடுத்து அவள் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

பாக்கியம்மாளுக்குச் சுருக்கென்றது. அடித்தது போல சபூராவை நிமிர்ந்து பார்த்தாள்.

சபூரா விளையாடவில்லை.

பாக்கியம்மாள் தாளைக் கையில் எடுத்தாள். பிறகு ஒரே ஒரு அம்பை உரித்தாள். ஓரம் கொஞ்சம் மடங்கிவிட்டது. அப்படியே ஒட்டினாள். அம்பின் நுனி இடது காதின் இரண்டு பல் தடத்தைக் காட்டியது.

“ஏதும் எழுதலீங்களா?” என்றாள் சபூரா.

“அவளுக்குத் தெரியுமுங்க.”

அட்டையோடு மரத்து யானையையும் கழுவி, துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து அனுப்பினாள்.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. ஒன்றும் வரவில்லை. பாக்கியம்மாள் வகுப்புக்கு வந்தாள், வார்த்தாள், போனாள். கலாமணியின் அட்டையில் அம்பு விழவில்லை. கலாமணிக்கு அது என்னமோ போலிருந்தது.

“என்னங்க்கா, பாக்கவே மாட்டேங்கறீங்க?”

“பாத்துட்டுத்தான் இருக்கேன் கண்ணு.”

ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை. பாக்கியம்மாள் ரெசின் கலக்கிக்கொண்டிருந்தாள். மேசை மேல் வைத்திருந்த போன் ஒரு முறை முனகியது.

“எனக்குக் கையெல்லாம் பசைங்க. யாருன்னு பாருங்க டீச்சர்.”

சபூரா பார்த்தாள். போனை அவள் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

ஒரு படம். எழுத்து எதுவும் இல்லை.

மரத்து யானை. பக்கத்தில் கொழுகொழுவென்று ஒரு பிஞ்சுக் கை. யானையின் இடது காதில், பாக்கியம்மாள் உப்புத்தாள் போட்டு மாவாகத் தேய்த்த இடத்தில், புதிதாக இரண்டு பள்ளம்.

அதைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு. ஓரம் மடங்கிய அம்பு. அட்டையிலிருந்து உரித்து எடுத்தது.

கலக்குகிற குச்சி கிண்ணத்தில் நட்டபடி நின்றது. கலாமணி எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“டீச்சர்” என்றாள் பாக்கியம்மாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “ஓசூருக்கு எந்த பஸ்ஸுங்க?”

பதிலுக்கு நிற்கவில்லை. கைப்பையைக்கூட எடுக்கவில்லை. பாதிப் படி இறங்கியிருப்பாள். மேலிருந்து சபூரா கூப்பிட்டாள்.

“அம்மா! கையுறையக் கழட்டீட்டுப் போங்க.”