மணலுக்கு அந்தப் பக்கம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குடிலின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு லாரி மணலைக் கொட்டிவிட்டுப் போனது.

திண்டுக்கல்லில் அந்தச் சந்துக்குள் மொத்தம் ஏழு கதவுகள். ஆறாவது கதவு குடில். ஏழாவது அருளப்பன் வீடு. அதோடு சந்து முடிந்துவிடும்.

குடிலில் வெள்ளிக்கிழமைதோறும் பதினான்கு பேர் தியானத்துக்குக் கூடுவார்கள். உட்கார இடம் போதவில்லை. பின்பக்கம் ஒரு மண்டபம் கட்டலாம் என்று முடிவாயிற்று. கட்டும் பொறுப்பைத் தணிகாசலம் ஏற்றுக்கொண்டார். அவருக்கு வயது அறுபத்து நான்கு. ரயில்வேயில் சரக்குப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். எதையும் ஒழுங்காக அடுக்கத் தெரிந்தவர். மணல் சரிந்துவிடாமல் இருக்க, அதன் வெளி ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் அடுக்கினார். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

குருவை எல்லோரும் அம்மா என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு நாற்பத்தாறு வயது. வத்தலக்குண்டில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வெள்ளி மாலை ஆறு மணிக்குக் குடிலுக்கு வந்து, எட்டு மணி பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவார்.

தணிகாசலம் மூன்று வருடமாக அவரிடம் மௌன தீட்சை கேட்டு வந்தார். நாற்பது நாள் பேசாமல் இருக்கும் விரதம் அது. அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

"யாராவது உங்களைத் திட்டும்போது, உள்ளுக்குள்ளகூட பதில் சொல்லாம இருக்க முடியுதான்னு பாருங்க. அப்புறம் பேசலாம்" என்று ஒருமுறை சொல்லியிருந்தார்.

புதன்கிழமை பத்தரை மணிக்கு அருளப்பன் வந்து திட்டினார்.

அருளப்பன் ஆட்டோக்காரர். மனைவி பாக்கியமேரி விடியற்காலையில் இட்லி, பொங்கல், சாம்பார் செய்வார். வீட்டு வாசலில் நிற்கும் ஆட்டோவில் பாத்திரங்களை ஏற்றி, பஸ் ஸ்டாண்டு பக்கம் கொண்டுபோய் இருவரும் விற்பார்கள். பதினோரு வருடமாக அதுதான் பிழைப்பு. மணல் வந்த பிறகு ஆட்டோவால் குடிலைத் தாண்டிப் போக முடியவில்லை. சந்தின் நடுவில் நிறுத்தினால் மற்ற ஐந்து வீட்டுக்கும் வழி அடைபடும். அதனால் பெரிய ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

"என்ன சாமி, மண்டபம் கட்டுறீங்களா, மலை கட்டுறீங்களா?"

தணிகாசலம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கொத்தனார் செய்யும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"பேசிக்கிட்டிருக்கேன், கண்ணை மூடுறீங்க. நீங்க கண்ணை மூடினா ஆட்டோ உள்ள வந்துருமா?"

தணிகாசலம் மூச்சை எண்ணத் தொடங்கினார்.

"ஒம்பது பாத்திரம் சாமி. ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போறோம். இருநூத்து நாப்பது தப்படி. எண்ணிட்டேன்."

தணிகாசலம் ஆறாவது மூச்சில் இருந்தார்.

"இவருக்கு எதுக்குய்யா தியானம்? ஏற்கெனவே கல்லாத்தான் இருக்காரு" என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டு அருளப்பன் போனார். கொத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

முதல் வெள்ளிக்கிழமை தணிகாசலம் அம்மாவிடம் சொன்னார்.

"அம்மா, திட்ட ஒருத்தர் கிடைச்சுட்டாரு."

"யாரு?"

"கடைசி வீட்டுக்காரர்."

"எதுக்குத் திட்டுறாரு?"

"அவர் சுபாவம் அப்படி."

"என்ன சொன்னாரு?"

"கல்லுன்னாரு. செவிடுன்னாரு."

"வேற?"

"அவ்வளவுதாம்மா."

அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. அன்று மட்டும் அருளப்பன் திட்டவில்லை. மற்ற நாட்களில் பத்தரை மணிக்கு வந்துவிடுவார். காலிப் பாத்திரங்கள் இரண்டு கையிலும் இருக்கும். அவற்றைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்குவார்.

"ரோட்டுல நின்ன ஆட்டோவுல பேட்டரியைக் கழட்டிட்டுப் போயிட்டான் சாமி. புதுசு போட்டேன். இப்ப ராத்திரி முழுக்க ஆட்டோக்குள்ளதான் படுக்கேன். காலை நீட்ட முடியல. கேக்குதா? எருமை மாடுகூட காதையாவது ஆட்டும்."

தணிகாசலம் பதினேழாவது மூச்சில் இருந்தார்.

அருளப்பன் போன பிறகு கொத்தனார் சொன்னார். "மணலைக் கொஞ்சம் உள்ள தள்ளிக்கலாம் சாமி. கேட்டுக்குப் பக்கத்துல இடம் இருக்கே."

"அங்க நந்தியாவட்டை இருக்கு. பூசைக்குப் பூ அதுலேர்ந்துதான்."

"செடியை எடுத்து அந்தப் பக்கம் வச்சுரலாம். அவரு வாயாவது மூடும்."

"அவர் பேசட்டும்" என்றார் தணிகாசலம்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை அம்மா கேட்டார்.

"என்ன சொன்னாரு?"

"எருமைன்னாரு."

"வேற?"

தணிகாசலம் யோசித்தார். "ஏதோ சொன்னாரு. நான் மூச்சுல இருந்தேன்."

மணல் குறைந்தபோது இன்னொரு லோடு வந்தது. தணிகாசலம் செங்கல் வரிசையைச் சரிபார்த்தார். ஒரு கல்கூட நகரவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் அம்மாவுக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்தார்.

"பதினஞ்சு தடவை திட்டிட்டாரு. ஒரு தடவைகூட உள்ளுக்குள்ள பதில் சொல்லல. அவர் மேல எனக்குக் கோவமும் இல்ல. தீட்சை குடுங்கம்மா."



"நாளைக்கு அவர் திட்டும்போது, வசவை மட்டும் தள்ளிட்டு மீதியைக் கேட்டுட்டு வாங்க."

"மீதி என்னம்மா இருக்கும்?"

"எனக்குத் தெரியாது. அதான் கேக்கச் சொல்றேன்."

சனிக்கிழமை தணிகாசலம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. அருளப்பன் வரவில்லை.

திங்கட்கிழமை வந்தார். நிற்கவில்லை. கையில் பாத்திரமும் இல்லை. தணிகாசலம் லேசாகச் சிரித்துப் பார்த்தார். அருளப்பன் செங்கல் வரிசையை ஒட்டி நடந்து தன் வீட்டுக்குள் போய்விட்டார். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே.

நான்காவது வெள்ளிக்கிழமை தணிகாசலம் தியானம் முடியும்வரை பொறுத்திருந்தார். மற்றவர்கள் எழுந்து போனதும் சொன்னார்.

"அம்மா, அவர் அடங்கிட்டாரு."

"அப்படியா?"

"ஏழு நாளா ஒரு வார்த்தை இல்ல. என் மௌனம் அவரைத் தொட்டிருக்கும்மா."

"போய்ப் பாத்துட்டு வாங்க."

"எதைம்மா?"

"அவர் நல்லா இருக்காரான்னு."

குடில் வாசலிலிருந்து அருளப்பன் வீட்டு வாசலுக்குப் பதினாறு தப்படி. தணிகாசலம் அதற்கு முன்னால் அங்கே போனதில்லை.

கதவு திறந்திருந்தது. ஒன்பது பாத்திரங்களும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பாக்கியமேரி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது காலில் கணுக்கால் வரை துணிக்கட்டு. அருளப்பன் தரையில் உட்கார்ந்து ஒரு அட்டைப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சாமி. எந்திரிக்க முடியல, தப்பா நினைக்காதீங்க" என்றார் பாக்கியமேரி.

"கால்ல என்னம்மா?"

"சாம்பார் அண்டா. போன சனிக்கிழமை ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். உங்க செங்கல்லு முனையில இடறிருச்சு. அப்படியே கால்ல கொட்டிருச்சு."

தணிகாசலம் துணிக்கட்டைக் குனிந்து பார்த்தார்.

"டாக்டர் ஒரு மாசம் நடக்கக் கூடாதுன்னுட்டாரு. அதான் நாளான்னைக்கு ஞாயித்துக்கிழமை நிலக்கோட்டைக்குப் போறோம், இவரு தம்பி வீட்டுப் பக்கம். அங்கன்னா வாசல்ல ஆட்டோ நிக்கும்."

"கடை?"

"அங்க எங்க சாமி கடை? இங்க பஸ் ஸ்டாண்டுல நம்ம இட்லிக்குன்னு ஆளு இருக்கு. அங்க யாரைத் தெரியும்? கடை அவ்வளவுதான்."

 தணிகாசலம் அருளப்பன் பக்கம் திரும்பினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அருளப்பன் நிமிர்ந்து பார்த்தார்.  பிறகு குனிந்து முடிச்சை இறுக்கினார்.

தணிகாசலம் திரும்பி வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். தான் கடைசியாகக் கேட்டதையும் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

அம்மா வாசல் பக்கம் பார்த்தார்.

"நானும் நாலு வெள்ளிக்கிழமை அந்த மணலைச் சுத்திக்கிட்டுத்தான் உள்ள வந்தேன்."

அன்று அவர் எட்டு மணி பஸ்ஸுக்குப் போகவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் அம்மா கொத்தனாரின் டேப்பை எடுத்துக்கொண்டு சந்துக்கு வந்தார். ஒரு முனையைத் தணிகாசலத்திடம் கொடுத்தார். சந்தின் அகலம் பதினோரு அடி. மணலும் செங்கல்லும் சேர்ந்து ஏழு அடி. மீதி நான்கு அடி.

பிறகு பெரிய ரோட்டுக்கு நடந்தார்கள். ஆட்டோவின் பின் சீட்டில் அருளப்பன் முழங்காலை மார்போடு மடக்கிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பாமல் ஆட்டோவின் அகலத்தை அளந்தார்கள். நாலே கால் அடி.

அம்மா டேப்பைச் சுருட்டினார்.

"மூணு அங்குலம்" என்றார்.

 குடிலுக்கு வந்ததும் தணிகாசலம் மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நந்தியாவட்டைச் செடிகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். ஐந்து செடிகள். அந்த இடத்தில் மணலைக் கொண்டுவந்து கொட்டினார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சட்டியில் அள்ளிக் கொடுத்தார். அறுபத்திரண்டு சட்டி.

எட்டரை மணிக்குக் கொத்தனார் வந்தார். நின்று பார்த்தார்.

"இதைத்தானே சாமி நான் அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

செங்கல் வரிசையை ஒரு அடி உள்ளே தள்ளி அடுக்கினார்கள். இந்த முறை அது அவ்வளவு நேராக இல்லை. முனையில் இருந்த கற்களைத் தணிகாசலம் தனியாக எடுத்து உள்ளே வைத்தார். பிறகு பெரிய ரோட்டுக்குப் போய், தூரத்தில் நின்று, அருளப்பனிடம் "வண்டி உள்ள போகுதான்னு பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

பத்தரை மணிக்கு ஆட்டோ சந்துக்குள் வந்தது. செங்கல்லுக்கு முன்னால் நின்றது. அருளப்பன் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். மறுபடி ஏறி மெதுவாக ஓட்டினார். ஆட்டோ உரசாமல் போயிற்று. ஏழாவது வாசலில் நின்றது. உள்ளேயிருந்து பாக்கியமேரி ஏதோ கேட்டார். 

அருளப்பன் பதினாறு தப்படி நடந்து குடில் வாசலுக்கு வந்தார்.

"செவ்வாக்கிழமை வந்துச்சு மணலு. புதன்கிழமையே வந்து சொன்னேனா இல்லையா? மண்டபமா மலையான்னு கேட்டேனா இல்லையா?"

தணிகாசலம் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"கேட்டீங்க."

"ஒம்பது பாத்திரம்னு சொன்னேன். அவ பதினஞ்சு நாள் தூக்கிட்டு நடந்தா. நீங்க இந்த நாக்காலியில உக்காந்துக்கிட்டு மூக்கால காத்து விட்டுக்கிட்டிருந்தீங்க. இருந்தீங்களா இல்லையா?"

"இருந்தேன்."

"இப்ப காலையில ரெண்டரை மணி நேரத்துல முடிச்சிருக்கீங்க. ரெண்டரை மணி நேரம். அதுக்கு ஒரு பொம்பளை காலு வேகணுமாய்யா?"

தணிகாசலம் தலையைக் குனிந்தார்.

"குனிஞ்சா ஆச்சா? நிலக்கோட்டைக்கு நாளைக்கு டெம்போ சொல்லிட்டேன். தம்பி பொஞ்சாதி வீட்டைக் கழுவி வச்சுட்டு உக்காந்திருக்கா. இப்ப வரலைன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

"சொல்றேன்."

"ஆமா, நீங்க சொல்லிக் கிழிச்சீங்க."

கொத்தனார் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அருளப்பன் அவரைக் கையால் விலக்கிவிட்டுத் தொடர்ந்தார். ஒவ்வொரு நாளாகச் சொல்லி, இரண்டாவது வியாழக்கிழமை வரை வந்துவிட்டார். பிறகு சட்டைப் பையைத் தடவினார்.

"இருங்க. சாவியை வண்டியிலயே விட்டுட்டேன். பேட்டரிக் கதையை இன்னும் சொல்லவே இல்ல. வந்து சொல்றேன்."

அவர் தன் வீட்டுப் பக்கம் நடந்தார்.

தணிகாசலம் வேகமாக உள்ளே வந்தார். அம்மா குழாயடியில் காலில் ஒட்டியிருந்த மணலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, வழி விட்ட பிறகும் திட்டுறாரே."

அம்மா குழாயை மூடினார்.

"இதுக்கு முன்னாடி சொன்னது எதுவும் உங்ககிட்ட வந்து சேரலையே. முதல்லேர்ந்து சொல்றாரு. வாசல்ல போய் நில்லுங்க."