துணிக்குள் பேசிய விலை

இன்னும் பிறக்காத கன்றுக்கு மூக்கணாங்கயிறு வாங்கி வைத்த ஆளை நீங்கள் பார்த்ததுண்டா? எங்கள் ஊரில் மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்றும் ஒரே வீட்டில். மூத்தவர் சென்னியப்பன், நடுவில் ராக்கியண்ணன், கடைக்குட்டி அத்தப்பன். காங்கயத்துப் பக்கம் மாட்டுத் தரகுதான் மூவருக்கும் பிழைப்பு. இவர்கள் தரகு பார்த்த மாடுகளில் பாதி, வாங்கினவன் வீடு பிடிக்காமல் விற்றவன் வீட்டுக்கே திரும்பி வந்துவிடும். அதைக் கைராசி என்று சொல்லிக்கொள்வார்கள்.

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்கிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கடியில் இருக்கும். விரலைப் பிடித்தே பேரம் நடக்கும், ஒரு விரலுக்குப் பத்தாயிரம். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஒரு வித்தைதான் மூவருக்கும் ஒழுங்காக வரும். வினையும் அதில்தான் வந்தது.

ஒருநாள் அத்தப்பனின் போனில் ஒரு வீடியோ வந்தது. பெரிய கம்பெனி ஒன்று புது மின்சாரக் கார் விடப்போகிறதாம். ஏழு பேர் காலை நீட்டி உட்காருகிற சொகுசு வண்டி. ஒரு தடவை சார்ஜ் போட்டால் அறுநூறு கிலோமீட்டர் ஓடும். வண்டி எப்படி இருக்கும் என்று மட்டும் காட்டவில்லை. கறுப்புத் துணியைப் போட்டு மூடி, இரண்டு விளக்கை மட்டும் எரியவிட்டிருந்தார்கள். விலை என்ற இடத்தில், ‘காத்திருங்கள்’ என்று போட்டிருந்தது.

காத்திருக்கச் சொன்னதால் மூவரும் சந்தைக்குப் போகாமல் வாசலில் கட்டிலைப் போட்டுக் காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் கொஞ்சம் யோசித்தார்கள். அதைத்தான் செய்திருக்கக் கூடாது.

“அறுநூறு ஓடுமாம்ண்ணா,” என்றார் ராக்கியண்ணன். “சந்தை எட்டுக் கிலோமீட்டர்தானே இருக்குது. மிச்சத்தை என்னண்ணா பண்றது?”

“மிச்சம் வெக்கவே கூடாதுடா. அரையும் குறையுமாக் கறந்து வுட்டா மாட்டுக்கு மடி வீங்கிக்குதா இல்லையா? வண்டிக்கும் அப்படித்தான். ஓட்டம் உள்ள தேங்கி நின்னா வீங்கிப் போயிரும்.”

“அப்ப தெனமும் ஒட்ட ஓட்டிரோணும்.”

“ஆமா. நான் சந்தைக்குப் போயிட்டு வந்து வுட்டதும், நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கெணத்தைச் சுத்தி ஓட்டிக் காலி பண்ணிருங்க.”

அத்தப்பன் முகம் வெளிறியது. “எனக்கு இப்பவே கிறுகிறுங்குதுண்ணா.” வராத வண்டியில் சுற்றியே அவருக்கு மயக்கம் வந்துவிட்டது. மயிலாத்தாள் மோர் கரைத்துக் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தாள்.

மயிலாத்தாள் சென்னியப்பன் மனைவி. அந்த வீட்டில் உருப்படியாக வேலை பார்ப்பது அவளும் அவள் செவலையும்தான். செவலை, அவள் கன்றிலிருந்து வளர்த்த பசு. சொசைட்டிக்கு ஊற்றுகிற பாலில்தான் அங்கே உலை கொதிக்கிறது. அவள் கைக்குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடையும் அதில்தான் நிறைகிறது.

அடுத்து வண்டியின் அமைப்பைப் பற்றிப் பேச்சு வந்தது.

“துணிக்கு மேல பார்த்தா திமில் இருக்கற மாதிரி தெரியலையே,” என்றார் ராக்கியண்ணன்.

“திமில் கெடக்கட்டும்டா, மாட்டுக்குப் பார்க்கற மாதிரி சுழி பார்க்கோணும்,” என்றார் சென்னியப்பன். “கெட்ட சுழி இருந்தா வீட்டுல மூத்தவனுக்கு ஆகாது.”

தம்பிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அப்ப எங்களுக்குப் பரவால்லைங்களா?” என்றார் அத்தப்பன்.

அன்றைக்கே ஷோரூமுக்குப் போன் போட்டார்கள். எடுத்த பெண் தேனாகப் பேசினாள். “வர்ற வெள்ளிக்கிழமை கோயமுத்தூர்ல துணியைத் திறக்கறோம் சார். அவசியம் வாங்க. உங்க வீட்டுல இப்ப ஓடிட்டு இருக்கறது எதுவா இருந்தாலும் கொண்டாங்க, மாத்திக்கலாம்.”

மூவரும் வீட்டில் ஓடுவது எது என்று தேடினார்கள். மொபட் ஓடவில்லை, அதன் சீட்டில் கோழி அடை கிடந்தது. சுவர்க் கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டது. அத்தப்பன் கொட்டகைப் பக்கம் போனார். அவர் முகத்தைப் பார்த்ததுதான் தாமதம், செவலை முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு தோட்டத்துக்குள் பாய்ந்தது.

“இது ஓடுதுண்ணா! நல்லாவே ஓடுது!”

மயிலாத்தாள் கையிலிருந்த தவிட்டு வாளியைக் கீழே வைத்தாள். “ஏனுங்க மாமா, மூஞ்சி தெரியாத வண்டி, வெலை தெரியாத வண்டி. அதுக்குக் கறக்கற மாட்டைக் குடுப்பீங்களா? நாளைக்குக் கொழந்தை பாலுக்கு அழுதா, சார்ஜ் வயரையா வாயில வெப்பீங்க?”

“அம்மிணி, விவரம் தெரியாமப் பேசாத. உன்ற செவலை ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போவும்? இது அறுநூறு.”

“அந்த வண்டி எத்தனை லிட்டருங்க கறக்கும்?”

சென்னியப்பன் யோசித்தார். “அதைக் கம்பெனி இன்னும் சொல்லலை.”

வெள்ளிக்கிழமை செவலையைக் குட்டியானை என்கிற சின்ன லாரியில் ஏற்றினார்கள். மயிலாத்தாள் அவர்களோடு மல்லுக்கட்டவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்தாள், செவலையின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றினாள், தானும் பின்னால் ஏறி நின்றுகொண்டாள். “மாடு போற எடத்துக்கு நானும் போறேன். எக்ஸ்ட்ராவா ஒண்ணு தர்றோம்னு சொல்லிக்குங்க.”

கோயமுத்தூர் ஷோரூம் முழுக்கக் கண்ணாடி. மயிலாத்தாளும் செவலையும் வாசலிலேயே வண்டியில் நிற்க, மூவரும் உள்ளே போனார்கள். உள்ளே செண்டு வாசனை மூக்கைத் துளைத்தது. நடுவில் வண்டி, மேலே கறுப்புத் துணி. பக்கத்தில் கோட் போட்ட ஒருவர் நின்றார். திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளியாம். வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டதாகச் சொன்னார்.

“வெலை என்னங்க?” என்று சென்னியப்பன் பணிவாகக் கேட்டார்.

“இனிமேத்தான் சொல்லுவாங்க.”

“வண்டியைப் பார்த்தீங்களா?”

“துணி போட்டிருக்குதே.”

“அப்பறம் எப்படிங்க பணம் கட்டுனீங்க?”

“எல்லாரும் கட்டுனாங்க.”

மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. பட்டணத்திலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள்!

“துணியை எடுத்ததும் விலை சொல்லுவோம் சார், உட்காருங்க,” என்றாள் வரவேற்புப் பெண்.

சென்னியப்பன் தம்பிகள் காதில் சொன்னார். “வேலைக்குப் புதுசு போல, பாவம். துணியை எடுத்துட்டா அப்பறம் எப்படிடா வெலை பேசறது?” சொல்லிவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். துணிக்குள் கையை விட்டார்.

உள்ளே துடைக்கிற ஆள் ஒருவர் கடைசி நேரத்தில் சக்கரத்துக்குப் பளபளப்பு ஏற்றிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் கைக்கு அவர் கை கிடைத்தது. மூன்று விரலைப் பிடித்தார். உள்ளே கை உதறியது.

“கட்டுப்படி ஆவலையாம்.”

நான்கு விரலைப் பிடித்தார். இன்னும் பலமாக உதறியது.

“கெட்டிக்காரத் தரகன்டா!”

ஐந்து விரலையும் அள்ளி அழுத்தினார். உள்ளே இருந்தவர் பயத்தில் விறைத்துப்போய், கையை அசைக்காமல் இருந்துவிட்டார்.

“முடிஞ்சுதுடா! அம்பதாயிரம், அதோட செவலை!”

அப்போது பாட்டு அதிர்ந்தது, புகை கிளம்பியது, துணி பறந்தது. வண்டி பளபளவென்று நின்றது. அதன் சக்கரத்தோரம் கந்தல் துணியும் கையுமாக ஒருவர் முழித்துக்கொண்டிருந்தார். கூட்டம் அவருக்கும் சேர்த்துக் கை தட்டியது. பெரிய திரையில் விலை வந்தது. ஒரு கோடியே இருபது லட்சம். தெரியாமல் பணம் கட்டினவர்கள் வேறென்ன செய்வார்கள், அதற்கும் கை தட்டினார்கள்.

சென்னியப்பன் எழுந்து மேனேஜரிடம் போனார். “அது ஊருக்குச் சொல்ற வெலைங்க, எங்களுக்குத் தெரியும். துணிக்குள்ள பேசுனது அம்பதாயிரமும் ஒரு மாடும். மாடு வாசல்ல நிக்குது. சாவியைக் குடுங்க.”

“யார்கிட்ட சார் பேசுனீங்க?”

“இந்தா, இவருகிட்டத்தான்.”

“ஐயோ சார், எலின்னு நெனைச்சேன் சார்!” என்றார் துடைக்கிறவர்.

“கையைக் குடுத்துட்டு எலிங்கறான் பாருண்ணா,” என்றார் ராக்கியண்ணன்.

மேனேஜர் வாசலை எட்டிப் பார்த்தார். “மாட்டை வெச்சுக்கிட்டு நாங்க என்ன சார் பண்றது?”

“கறக்கறதுங்க,” என்றார் அத்தப்பன்.

காவலாளிகள் நெருங்கி வந்தார்கள். சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டு, வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார். “கெளம்புங்கடா! கை புடிச்ச வெலையை மாத்திப் பேசறவனுக்குச் செவலையைக் குடுத்தா, நாளைக்கு அது நம்ம மூஞ்சியில முழிக்காது. ஒரு கோடி குடுத்தாலும் மாடு கெடையாது. வண்டிக்கு வேற பின்னாடி ஒரு சுழி, எனக்குப் புடிக்கலை.”

வாசலில் இதைக் கேட்ட மயிலாத்தாள் சிரிப்பை முந்தானைக்குள் அமுக்கிக்கொண்டாள். “ரொம்பச் சரியாச் சொன்னீங்க மாமா. நம்ம மானம் என்னாவறது? ஏறுங்க, ஏறுங்க, கறக்கற நேரமாச்சு.”

செவலை நிம்மதியாகச் சாணி போட்டது. வண்டி கிளம்பப் போன நேரத்தில், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பனியன் கம்பெனி முதலாளி ஓடி வந்தார். கோட் ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம். நேராக மயிலாத்தாளிடம் வந்து கையைக் கூப்பினார்.

“அம்மிணி, உள்ள வண்டியை மறுபடியும் துணி போட்டு மூடச் சொல்லியிருக்கறேனுங்க. உங்க மாட்டைக் கொஞ்சம் எறக்கி வுடறீங்களா? அம்பதாயிரத்துக்குப் பேசி முடிச்சுட்டுத் திருப்பிக் கொண்டாந்து கட்டிர்றேன்.”