நாயின் சிவப்பணுவுக்கு நடுவுல குழி விழுந்த கதை

அந்தக் காலத்துல நாயும் பேசும், நாயோட ரத்தமும் பேசும். ரத்தத்துல ஓடுற சிவப்பணுங்க எல்லாம் சுமைகூலிங்க. நுரையீரல்ல மூச்சுக்காத்தை ஏத்திக்கிட்டுப் போய் காலு, தலைன்னு கேக்குற எடத்துல இறக்கணும். ஒவ்வொருத்தி வயித்துக்குள்ளயும் உட்கருன்னு ஒரு உருண்டை இருந்துச்சு. உடம்பு கிழிஞ்சா தைச்சுக்கறதும், புள்ள பெத்துக்கறதும் அந்த உருண்டை தயவுலதான்.

செவலைன்னு ஒரு பெட்டை நாய் மலைச்சரிவுல குட்டி போட்டிருந்தா. ஒரே குட்டி, கண்ணு இன்னும் தொறக்கல. கோடையில மூங்கில் உரசிக் காடு பத்திக்கிச்சு. குட்டியை வாயில கவ்விக்கிட்டு உச்சியில இருந்த மொட்டைப்பாறையைப் பாத்து ஓடினா. "நான் முன்னால போறேன் அக்கா"ன்னு காட்டுக்கோழி ஒரே எம்புல பறந்து பாறைமேல உக்காந்துக்கிச்சு.

நாய் ஓடணும்னா வாயைத் தொறந்து இரைக்கணும். வாயில குட்டி. மூக்கு வழியா வர்ற காத்துலயும் பாதி புகை. பாதி ஏத்தத்துல செவலையோட பின்னங்கால் மடங்கிப்போச்சு.

அந்த நேரம் மாசாணிங்கற சிவப்பணு பின்னங்கால் தசைகிட்டதான் காத்தை இறக்கிக்கிட்டிருந்தா.

"இவ்வளவுதானா?"ன்னு கேட்டுச்சு தசை.

"வயித்துல எடமில்ல அண்ணே. உருண்டை அடைச்சுக்கிட்டிருக்கு."

"அப்ப நான் மடங்கித்தான் கெடப்பேன். மேல சொல்லிரு."

மாசாணி மேல சொன்னா. "வாயைத் தொறந்தா எனக்கு மூச்சு வரும், குட்டி நெருப்புல உருண்டுரும். நான் தொறக்கமாட்டேன். நீங்கதான் பாக்கணும்"னு செவலை மனசுக்குள்ளயே பதில் அனுப்பினா.

மாசாணி தன் வயித்தைத் தடவிப் பாத்தா. பக்கத்துல வந்த ஒண்டிச்சிங்கற இன்னொரு சிவப்பணுவுக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு.

"என்னடி பண்ணப்போற?"

"துப்பப்போறேன்."

"துப்பினா கிழிஞ்சதைத் தைக்க முடியாது. புள்ள கெடையாது. நாலு மாசம் தாண்டமாட்ட."

"நெருப்பு நமக்கு நாலு மாசமா தருது? வால்முடி கருகுற வாசனை வருது பாரு."

மாசாணி உருண்டையை வெளிய தள்ளினா. ரெண்டு பக்கமும் வயிறு ஒட்டி நடுவுல குழி விழுந்துச்சு. வலியைப் பாக்க நேரமில்ல. நுரையீரலுக்கு ஓடி, உடம்பு முழுக்கக் காத்தை ஏத்திக்கிட்டு, ஊசி நுழையாத சந்துல எல்லாம் வளைஞ்சு நெளிஞ்சு வந்து இறக்கினா.

"இதை முன்னாடியே பண்ணிருக்கலாம்ல"ன்னுச்சு தசை.

"உனக்கென்ன, தின்னுட்டுக் கேப்ப"ன்னு சொல்லிக்கிட்டே ஒண்டிச்சியும் துப்பினா. பின்னால வந்தவளுங்க யாரும் யாரையும் கேக்கல. துப்பிட்டு ஓடினாளுங்க.

கால் நிமிந்துச்சு. நெருப்பு பாறையடியைத் தொடறப்ப செவலை உச்சியில இருந்தா. கீழ விட்டதும் குட்டி மடியைத் தேடுச்சு.

"என்னக்கா இவ்வளவு நேரம்?"னு கேட்டுச்சு கோழி. செவலை அதை ஒரு பார்வை பாத்துட்டுப் படுத்துக்கிட்டா.

ஒண்டிச்சி சொன்ன கெடுவுக்குள்ளயே மாசாணி தேய்ஞ்சு, மண்ணீரல்ல போய் அடங்கிட்டா. அவ எடத்துக்கு எலும்பு மஜ்ஜை புதுசா ஆள் அனுப்புச்சு. அந்தப் புள்ளைங்களும் வாசல்லயே உருண்டையைக் கழட்டிப் போட்டுட்டுத்தான் வேலைக்கு எறங்கினாங்க.

அன்னையிலேருந்துதான் கோழி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டுல தடவி நுண்ணோக்கியில பாத்தா சிவப்பணுவுக்குள்ள உருண்டை பத்திரமா இருக்கு, நாய் ரத்தத்துல அந்த எடம் வெளுத்துப்போய்க் குழியாக் கெடக்கு.