சிரித்தவர்களின் சிறை

மலைக்கு அந்தப்பக்கம் வெண்ணாறை என்றொரு நாடு. நெடுங்காலத்துக்கு முன்னால் அதை விசையராயர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நினைத்தால் மழை, நினைத்தால் வெயில் என்கிற சுபாவம் அவருக்கு.

அவருடைய ராணி அலர்மேலு விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அன்று முதல் ராஜா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தட்டில் போட்ட சோறு போட்டபடி இருக்கும். உடம்பு துரும்பாக இளைத்தது.

அரண்மனை வைத்தியர் உத்தண்டருக்கு மந்திரி சேந்தன்மேல் வெகுநாள் பொறாமை. ராஜாவைத் தன் கைக்குள் போட்டுக்கொள்ள இதுதான் சமயம் என்று நினைத்தார்.

"அரசே, ஊரார் சிரிக்கிற சத்தம் காதில் விழுவதால்தான் உங்கள் மனப்புண் ஆறவில்லை. தனிமைதான் மருந்து" என்றார்.

உடனே முரசு அறைந்தார்கள். இனிமேல் யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் சிறை!

பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் சிரித்தவன் உள்ளே போனான். சந்தையில் சிரித்த மீன்காரி உள்ளே போனாள். சிறை நிறைந்தது. ராஜாவோ இன்னும் இளைத்தார்.

மந்திரி அவையில் எழுந்தார். "அரசே, மருந்து தப்பு."

"வைத்தியம் படித்தவன் நானா, நீரா?" என்று சீறினார் உத்தண்டர்.

"நீங்கள்தான். அதனால்தான் ஒரு சந்தேகம் கேட்கிறேன். மனுஷனுக்கு வேண்டியதெல்லாம் தனிமையிலேயே கிடைக்கும் என்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு நீங்களே கிச்சுக்கிச்சு மூட்டிச் சிரித்துக் காட்டுங்கள். சிரித்துவிட்டால் என் மந்திரி முத்திரை உங்களுக்கு."

முத்திரை என்றதும் வைத்தியருக்கு நாக்கு ஊறியது. ராஜாவும், "செய்யும். உமக்கு மட்டும் இப்போது விலக்கு" என்றார்.

வைத்தியர் அக்குளில் விரலை விட்டார். சிரிப்பு வரவில்லை. விலாவைக் குடைந்தார். வரவில்லை. ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலின் பாதத்தைச் சுரண்டினார். தள்ளாடினார். தலைப்பாகை அவிழ்ந்து மூக்கில் தொங்கியது.

முதலில் மந்திரி 'களுக்'கென்றார். அப்புறம் தளபதி. அப்புறம் புலவர்கள், சாமரம் வீசுகிறவர்கள் எல்லோரும். அவையே குலுங்கியது.

"அத்தனை பேரையும் சிறையில் போடு!" என்று கர்ஜித்தார் ராஜா.

மந்திரி முதல் ஆளாக நடந்தார். அவை காலியானது. ராஜாவும் வைத்தியரும் மட்டும் மிஞ்சினார்கள்.

வெகுநேரம் கழித்து, "ஏதாவது பேசுமேன்" என்றார் ராஜா.

"நாடி பார்க்கட்டுமா, அரசே?" என்றார் வைத்தியர்.

பொழுது சாயும் வேளையில் சிறைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு! கல்சுவரைத் தாண்டி, ஆற்றில் புதுவெள்ளம் வருகிற மாதிரி வந்தது.

"உங்களைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள்" என்று ஏற்றிவிட்டார் வைத்தியர்.

ராஜா வாளை உருவிக்கொண்டு போனார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நடுவில் ஒரு கூழ்ப்பானை. அதைச் சுற்றித் தளபதியும் சலவைக்காரரும், புலவரும் மீன்காரியும் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தார்கள். ராஜாவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மந்திரி மட்டும் உதட்டில் விரலை வைத்து, யாரும் எழ வேண்டாம் என்று ஜாடை காட்டினார்.

சிலம்பாயி என்று ஒரு கிழவி. அவளுக்குக் கண் மங்கல். "தள்ளி உட்காருங்கய்யா, புது ஆள் வந்திருக்கு. நீ எதுக்குச் சிரிச்சு மாட்டுனே?"

"நான் சிரிக்கவில்லை."

"பின்னே ஏன் வந்தே?"

ராஜாவின் வாள் தாழ்ந்தது. மெதுவாக உட்கார்ந்தார். "என் பெண்சாதி செத்துப்போய்விட்டாள்" என்றார். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுவே முதல் தடவை.

"என் வீட்டுக்காரரும்தான்யா" என்றாள் சிலம்பாயி. "புலியைக் கண்டாலும் அரிவாளோட நிப்பாரு. பல்லின்னா மட்டும் என் முதுகுக்குப் பின்னால ஒளிவாரு. பாடையில கிடக்கும்போது ஒரு பல்லி அவர் நெஞ்சுமேலயே விழுந்துச்சு. இப்பக்கூட எந்திரிச்சு ஓடலியே மனுஷன்னு நெனைச்சேன். அழுகையோட அழுகையா சிரிப்பும் வந்துருச்சு. பிடிச்சிட்டு வந்துட்டாங்க."

"என் அலர்மேலு பாடுவாள்" என்றார் ராஜா. "கேட்க முடியாது. ஒருநாள் அவள் பாடினதைக் கேட்டுப் பட்டத்து யானை சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது. 'பார்த்தீர்களா, யானையே உருகிவிட்டது' என்றாள்..."

சொல்லி முடிக்கவில்லை. ராஜா சிரித்தார். கண்ணீர் தாடியில் ஒழுக ஒழுகச் சிரித்தார். கூடியிருந்தவர்கள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். வறண்ட பாறையில் ஊற்று உடைவதைப் பார்த்த மாதிரி இருந்தது அவர்களுக்கு. சிலருக்குக் கை தானாகக் கூப்பிக்கொண்டது. சிலம்பாயி கூழை நீட்டினாள். ராஜா வாங்கிக் குடித்தார். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

காவல் தலைவன் மாசானம் நடுங்கிக்கொண்டே வந்தான். "அரசே, சிரித்தால் சிறை என்பது தங்கள் சட்டம். தாங்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறீர்கள். நான் இப்போது என்ன செய்யட்டும்?"

மறுபடியும் சிறை சிரிப்பில் அதிர்ந்தது.

"கதவைத் திறந்துவிடு. எல்லோரும் போகட்டும்" என்ற ராஜா மந்திரியிடம் திரும்பினார். "அவை முழுவதையும் சிரிக்கவைத்து என்னை ஒண்டி ஆளாக்கியது நீர்தானே?"

"ஆமாம் அரசே. மனுஷ முகத்துக்கு நீங்கள் ஏங்க வேண்டும் என்றுதான்."

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். வாசலில் பதுங்கி நின்ற வைத்தியரைக் கூப்பிட்டார்.

"நீர் நாடியைப் பார்த்தீர், ஆளைப் பார்க்கவில்லை. இனி எந்த நோயாளி ஆனாலும், அவர் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டு, அவர் கதையைக் கேட்டபிறகுதான் மருந்து கொடுக்க வேண்டும்." உத்தண்டர் தலை தொங்கிப்போனது.

இதற்குள் சிலம்பாயிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்: "நாளைக்கு வருவீகளா?"

"சிறைதான் காலியாகிவிட்டதே?"

"என் குடிசை இருக்குல்ல."

ராஜா போனாரா என்று கேட்கிறீர்களா? போனார். பனையோலைக் குடிசை, தாழ்ந்த வாசல். கிரீடம் இடித்தது. கழற்றி வெளியே வைத்துவிட்டுக் குனிந்து உள்ளே நுழைந்தார். ஓர் ஆடு வந்து அதை முகர்ந்து பார்த்தது. தின்கிற பொருள் இல்லை என்று தெரிந்ததும் தன் வழியே போய்விட்டது.