ஆமாம் என்று அமுக்கியவள்

“அம்மா, சட்டம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.”

சொன்னவர் கொழுந்துவேல். உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மரகதம்மையைவிட வயதில் மிகவும் மூத்தவர். ஆனாலும் அவருக்குக் குரு மரகதம்மைதான். தாமிரபரணிக் கரையில் இருக்கும் அந்தச் சிறிய மடத்துக்கு வரும்போதெல்லாம் தரையில்தான் உட்காருவார்.

மரகதம்மை முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“ஏன்?” என்றார்.

“செல்போன் வழியாகக் கடன் கொடுக்கிறார்களே, அதற்கு விதிமுறை எழுத அரசாங்கம் ஒரு குழு போட்டிருக்கிறது. நான்தான் தலைவர். வந்த மனுக்களையெல்லாம் படித்துவிட்டேன். எல்லாம் ஒரே கதை. வட்டி எவ்வளவு என்று கேட்பதில்லை. நிபந்தனையைப் படிப்பதில்லை. ‘சம்மதமா’ என்று போன் கேட்கிறது. ‘ஆமாம்’ என்று அமுக்கிவிடுகிறார்கள். பிறகு அழுகிறார்கள். தானாகப் போய் விழுகிறவரைச் சட்டம் எப்படிக் காப்பாற்றும்?”

“என்ன எழுதப் போறீங்க?”

“ஊர் ஊராக விழிப்புணர்வுக் கூட்டம் போடச் சொல்லலாம். ‘யோசித்துக் கடன் வாங்குங்கள்’ என்று பலகை வைக்கச் சொல்லலாம். வேறு என்ன செய்ய முடியும்?”

மரகதம்மை அடுத்த கொத்தை எடுத்தார்.

அடுக்களையில் ஒரு போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

“யாரும் எடுக்க மாட்டார்களா?” என்றார் கொழுந்துவேல்.

“நீங்க எடுங்க.”

அவர் எழுந்து போனார். அடுப்புப் பக்கம் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சத்தம் காலி அரிசி டின்னுக்குள்ளிருந்து வந்தது. உள்ளே ஒரு பழைய துண்டில் சுற்றிவைத்த போன்.

“இது ஆவுடையோடது,” என்றார் பின்னால் வந்த மரகதம்மை. “பீடி சுத்துற பொண்ணு. வெள்ளிக்கிழமை சமையலுக்கு ஒத்தாசையா வரும். இப்ப வீட்டுக்கே போகாம இங்கதான் கிடக்கு. இன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் இதுல வர்ற எல்லாத்துக்கும் நீங்கதான் பேசணும். நீங்க யாருன்னு சொல்லக் கூடாது. அணைச்சு வைக்கவும் கூடாது.”

“அந்தப் பெண்ணுக்குச் சம்மதமா?”

ஆவுடை திரும்பவில்லை. “பேசுங்கய்யா. என்னால முடியல,” என்றாள்.

அவர் போனை எடுத்தார்.

எதிர்ப்பக்கம் இருந்தவன் யார் பேசுவது என்றுகூடக் கேட்கவில்லை. திட்ட ஆரம்பித்தான்.

அப்படிப்பட்ட சொற்களைச் சாட்சிகள் சொல்லிக் கொழுந்துவேல் கேட்டிருக்கிறார். தன் காதுக்கென்று யாரும் சொன்னதில்லை.

“கொஞ்சம் மரியாதையாகப் பேசுங்கள்,” என்றார்.

“ஓ, ஆள் வச்சிருக்காளா? அந்த ஆளையே கட்டச் சொல்லு.”

வைத்தான். உடனே வேறொருவன் கூப்பிட்டான். அவன் வைத்ததும் மூன்றாமவன். வாங்கியது ஒரு கடன் இல்லை. ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க வேறொன்று என்று அவள் வாங்கியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். அவரால் ஒரு வாய் நிம்மதியாக உண்ண முடியவில்லை. கடைசியில் பொறுமை போய்விட்டது.

“நான் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவன். தெரிந்து பேசு.”

எதிர்ப்பக்கம் சிரிப்பு.

“அப்ப நான் கவர்னர். நல்லாக் கேட்டுக்க. சாயங்காலத்துக்குள்ள பணம் வரலன்னா அந்தப் படம் அவ மக படிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் போகும்.”

“எந்தப் படம்?”

“தெரியாதா? உனக்கும் ஒண்ணு அனுப்புறேன்.”

படம் வந்தது. ஆவுடையின் முகம். உடல் வேறு யாருடையதோ. கீழே ‘திருடி’ என்று எழுதியிருந்தது.

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். இலையை மூடிவிட்டு எழுந்தார்.

“யார் யாருக்கு அனுப்பியிருக்கிறார்கள்?” என்று மரகதம்மையிடம் கேட்டார்.

“அந்தப் போன்ல இருக்கிற எல்லாருக்கும். பால்காரர், ரேஷன் கடைக்காரர், பீடிக் கம்பெனி ஏஜென்ட், சொந்தக்காரங்க. மடத்து நம்பருக்கும் வந்துச்சு.”

“அம்மா, எனக்குப் புரிந்துவிட்டது. போதும்.”

“பொழுது இன்னும் சாயலையே ஐயா.”

பிற்பகலில் ஒரு பெண்குரல் வந்தது. சின்ன வயதுக் குரல். யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பதுபோலத் திட்டியது. மூச்சு வாங்க நிறுத்தியபோது கொழுந்துவேல் கேட்டார்.

“உன் பேர் என்னம்மா?”

குரல் நின்றது.

“சாப்பிட்டாயா?”

பதில் மெதுவாக, வேறொரு குரலில் வந்தது.

“சார், நான் உங்ககிட்ட இப்படியெல்லாம் பேசக் கூடாது. பக்கத்துல சூப்பர்வைசர் நிக்காரு. ஆளை அழ வச்சாத்தான் இன்னிக்குச் சம்பளம். தப்பா எடுத்துக்காதீங்க.”

பழையபடி திட்ட ஆரம்பித்தாள்.

இவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று காலையிலிருந்து அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் முடிக்கும்வரை கேட்டார். முடித்ததும், “சரிம்மா,” என்றார்.

வெயில் தாழ்ந்தபோது இன்னொரு அழைப்பு. திரையில் ‘பெரியண்ணன்’ என்று வந்தது.

“நான் ஆவுடை இல்லை. அவருக்காக எடுத்திருக்கிறேன்,” என்றார் முந்திக்கொண்டு.

“யாரா வேணா இருங்க. அவகிட்ட ஒண்ணு சொல்லிருங்க.” அந்த மனிதரின் குரல் கரகரத்தது. “என் சம்பந்தி வீட்டுக்கெல்லாம் அந்தப் படம் போயிருக்கு. என் பொண்டாட்டி வெளிய தல காட்ட முடியல. இனிமே எனக்குத் தங்கச்சின்னு யாரும் கிடையாது. நான் செத்தாலும் அவ வரக் கூடாது.”

“ஐயா, அந்தப் படம் பொய். உங்கள் தங்கை எந்தத் தப்பும்…”

“பொய்னு எனக்குத் தெரியாதா? என் கையில வளந்த பிள்ள. ஊருக்கு யாரு போய்ச் சொல்லுவா?”

அண்ணன் போனை வைத்துவிட்டார்.

கொழுந்துவேல் போனை அணைக்காமல் துண்டில் சுற்றினார். ஆற்றுப் பக்கம் பொழுது சாய்ந்திருந்தது.

அடுக்களையில் ஆவுடை விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“உங்கள் அண்ணன் பேசினார்.”

அவள் கை நின்றது. “என்ன சொல்லுச்சு?”

எத்தனையோ தீர்ப்புகளை வாய்விட்டுப் படித்தவர் அவர். இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஆவுடை அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். “சரிய்யா. நீங்க சொல்ல வேண்டாம்.”

அவள் மறுபடி திரியை எடுத்ததும் அவர் கேட்டார். “ஏன்மா ‘ஆமாம்’ என்று அமுக்கினாய்? போனில் இருக்கிற எல்லாப் பேரையும் எடுத்துக்கொள்வோம் என்று அதில் எழுதியிருந்ததே.”

“எழுதியிருந்திருக்கும்யா. எங்க வீட்டுக்காரரு கட்டட வேலையில சாரத்துலேந்து விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரி வராந்தாவுல கிடக்காரு, காதுலேந்து ரத்தம் வருது. முன்பணம் கட்டினாத்தான் உள்ள கொண்டுபோவோம்ங்காங்க. அண்ணன்கிட்டக் கேட்டேன், இல்லன்னுச்சு. அதுகிட்டயும் இல்லதான். பக்கத்துல நின்ன பொண்ணு இந்தப் போன்லயே கிடைக்கும்க்கான்னு சொன்னா.” ஆவுடை திரியைத் திரித்தபடியே பேசினாள். “அந்த நேரத்துல ஒன் கண்ணு ரெண்டையும் எடுத்துக்கிடவான்னு கேட்டிருந்தாலும் ஆமான்னுதான் அமுக்கியிருப்பேன்.”

“இப்போது அவர் எப்படி இருக்கிறார்?”

“நடக்காரு. அதுக்குத்தானய்யா வாங்கினேன்.”

கொழுந்துவேல் அன்றே காவல் துறைக்குப் பேசினார். புகாரை அவரே எழுதிக் கொடுத்தார். அழைப்புகள் குறைந்தன. முழுதும் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் படம் போகவில்லை. அண்ணன் வரவில்லை.

குழுவின் விசாரணை சென்னையில் நடந்தது. ஆவுடையை வந்து பேசும்படி கொழுந்துவேல் கேட்டுக்கொண்டார். தனியாகப் போக அவள் பயந்தாள். மரகதம்மை கூட வந்தார்.

பெரிய மேசை. ஒரு பக்கம் குழு. எதிரே கடன் நிறுவனங்களின் சங்கத்திலிருந்து வந்த நிரஞ்சன். படித்த, பணிவான மனிதர். ஆவுடை உள்ளே வந்தபோது எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். படத்தைப் பற்றிச் சொல்லும்போது முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

நிரஞ்சன் தொண்டையைச் செருமினார்.

“இவங்களுக்கு நடந்தது ரொம்பத் தப்பு. அந்தப் படம் அனுப்பினவங்களைத் தண்டிக்கணும். ஆனா, போன்ல இருக்கிற பேர்களையே தொடக் கூடாதுன்னு விதி போடாதீங்க. நகை இல்லாதவங்க, நிலம் இல்லாதவங்க எங்ககிட்ட வர்றாங்க. பேங்க் அவங்களை வாசல்லயே நிறுத்துது. அந்தப் பேர்கள்தான் எங்களுக்கு ஈடு. அதையும் எடுத்துட்டா யாரும் அவங்களுக்குக் கொடுக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரி வராந்தாவுல இவங்க என்ன செஞ்சிருப்பாங்க?”

கொழுந்துவேல் ஆவுடையைப் பார்த்தார். அந்தக் கடனால்தான் அவளுடைய கணவர் இன்று நடக்கிறார்.

“அதோட, நாங்க யாரையும் கட்டாயப்படுத்தல,” என்றார் நிரஞ்சன். “சம்மதம் கேட்டுத்தான் எடுக்கிறோம்.”

குழுவில் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த மரகதம்மை எழுந்தார். மேசையருகே வந்து நிரஞ்சன் முன்னால் உள்ளங்கையை நீட்டினார்.

“தம்பி, உங்க போனைக் கொஞ்சம் திறந்து குடுங்க.”

நிரஞ்சன் மேசைமேல் இருந்த தன் போனைப் பார்த்தார். “எதுக்கும்மா?”

“உள்ள யார் யார் பேரு இருக்குன்னு பாத்துக்கிடுதேன்.”

அவர் சிரித்தார். மரகதம்மை சிரிக்கவில்லை. கையும் நீட்டியபடியே இருந்தது.

நிரஞ்சன் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அது எப்படிம்மா தர முடியும்?”

“சம்மதம் கேட்டுத்தானே எடுக்கேன்.”

“கேட்டா போதுமா? இதுல என் மனைவி இருக்காங்க, எங்கம்மா இருக்காங்க, என் மகளோட டீச்சர் இருக்காங்க. அவங்களுக்காக நான் எப்படிச் சம்மதம் சொல்ல முடியும்? அவங்களை யாரும் கேக்கலையே.”

ஆவுடை முகத்திலிருந்து முந்தானையை எடுத்தாள்.

மரகதம்மை கையை இறக்கினார். கொழுந்துவேல் பக்கம் திரும்பினார்.

“ஐயா, தம்பி சொன்னதை அப்படியே விதியில எழுதிக்கோங்க.”