பொத்தானை அழுத்திய விரல்

சீடருக்கு ஐம்பத்தொரு வயது, குருவுக்கு முப்பத்தெட்டு. கண் ஆஸ்பத்திரியில் இப்படியும் நடக்கும். இருபது வருடம் கண்புரை அறுவை செய்துவிட்டு, கண்ணழுத்த நோயைப் படிக்க வந்தவர் டாக்டர் மதியரசு. கற்றுக்கொடுத்தவர் டாக்டர் ஹம்சவேணி.

அன்று காலை சூசைமாணிக்கம் வந்திருந்தார். திண்டுக்கல்லில் பேண்டு செட்டில் டிரம் அடிப்பவர். சர்ச் படி தெரியாமல் தடுக்கி விழுந்ததில் முன்பல் ஒன்று போயிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் அவரது பார்வைப் பரப்பைச் சோதித்து, "ஒண்ணுமில்லை, நிம்மதியாப் போங்க" என்று அனுப்பியவர் மதியரசுதான். மெஷினுக்குள் ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். சூசைமாணிக்கம் ஒன்றைக்கூட விடவில்லை.

"அதே டெஸ்டை இன்னொரு தடவை வைங்க சார்," என்றார் ஹம்சவேணி.

மெஷின் டிக், டிக் என்றது. ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு புள்ளி வந்தது. விரல் அழுத்தியது. பாதியில் ஹம்சவேணி சத்தமில்லாமல் எழுந்து, புள்ளி வரும் துளையை அட்டையால் மறைத்தார்.

இப்போது வெளிச்சமே இல்லை. டிக் மட்டும் இருந்தது. விரல் நிற்கவில்லை.

"தப்பா அழுத்துறேனாம்மா?"

"இல்லைங்கய்யா. எத்தனை வருஷமா டிரம் அடிக்கிறீங்க?"

"முப்பத்தாறு வருஷம்."

மதியரசுக்குக் கோபம் வந்தது. தன் மேல் வர வேண்டிய கோபம், எப்போதும் போல எதிரில் இருப்பவர் மேல் போனது.

பக்கத்து அறையில் இன்னொரு மெஷின் இருந்தது. அதற்குப் பொத்தான் கிடையாது. வெளிச்சம் விழும் இடத்தில் பார்வை இருந்தால் கண்மணி தானாகச் சுருங்கும். சுருங்காத இடத்தைக் கேமரா கறுப்பாகக் குறிக்கும்.

சூசைமாணிக்கத்தை அதில் உட்காரவைத்தார்கள். படம் வந்தது. இரண்டு கண்ணிலும் கீழ்ப்பாதி கறுப்பு.

சூசைமாணிக்கத்தை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

"தெரியாததைத் தெரியுதுன்னு அழுத்தியிருக்கார் மேடம். நம்மளை ஏமாத்திட்டார்."

ஹம்சவேணி அந்த மெஷின் முன்னாலிருந்த நாற்காலியைக் காட்டினார். "நீங்க உட்காருங்க சார்."

மதியரசு உட்கார்ந்தார். அவர் படமும் வந்தது. நல்ல கண்தான். ஓரத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் கறுப்பாக இருந்தது.

"இந்த இடம் உங்களுக்கு இருட்டாத் தெரிஞ்சுதா?"

"அது பிறவியிலேயே எல்லாக் கண்ணுக்கும் இருக்கிற குருட்டுப் புள்ளி மேடம். இருக்கிறதே யாருக்கும் தெரியாது."

"அப்போ ஐம்பத்தொரு வருஷமா ஏமாத்திட்டிருக்கீங்க."

மதியரசு சூசைமாணிக்கத்தின் பழைய தாளை எடுத்துப் பார்த்தார். வெளிச்சம் இல்லாதபோதும் அழுத்தியிருக்கிறார், இதை நம்ப வேண்டாம் என்று மெஷினே மூலையில் அச்சடித்திருந்தது. அன்று அவர் அந்த மூலை வரை படிக்கவில்லை.

போன பார்வை திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம். அது இருவருக்கும் தெரியும்.

கதவுக்கு அந்தப் பக்கம் சூசைமாணிக்கம் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மதியரசுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்கவே பயமாக இருந்தது.

"அவர்கிட்ட எப்படி ஆரம்பிக்கிறது மேடம்? தாளத்துக்கு அழுத்திட்டீங்கன்னு சொல்லவா?"

"'அன்னைக்கு நான் உங்க பக்கத்துலதான் நின்னேன், உங்க விரலைப் பார்க்கலை'ன்னு ஆரம்பிங்க. சொட்டு மருந்தை அப்புறம் எழுதலாம்."